எட்டு நண்பர்கள், ஒரு ஞாயிறு, ஒரு நல்ல காரியம்: எதைத் தேர்ந்தெடுப்பது?

போன மாதம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பழைய அலுவலக நண்பர் பக்கத்தில் உட்கார்ந்தார். ரசம் வருவதற்குள் கேட்டுவிட்டார். "நாங்க காலேஜ் செட் எட்டுப் பேர் சென்னையிலேயே இருக்கோம். வருஷத்துக்கு ஒரு தடவை ஈசிஆர்ல ஏதாவது ரிசார்ட்டுக்குப் போவோம். இந்தத் தடவை கொஞ்சம் உருப்படியா ஏதாவது செய்யலாம்னு பேச்சு. ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்க இதெல்லாம் பண்ணிப் பார்த்திருக்கீங்களே, எது நல்லது?"

பாயசம் வருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமாக அது இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் செட்டும் எட்டுப் பேர்தான். ஐந்து ஆண்கள், மூன்று பெண்கள், எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். ஆறு வருடங்களாக ஆமை நடை, இல்லத்தில் சாப்பாடு, பனை விதை, ஓட்டம், ரத்த தானம் என்று ஒவ்வொன்றாக முயன்று பார்த்துவிட்டோம். சிலவற்றில் நன்றாகவே பொழுது போனது. ஒன்றில் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினோம்.

## எதை வைத்து எடை போடுவது?

"எது நல்ல காரியம்" என்று ஆரம்பித்தால் பேச்சு முடியாது. எல்லாமே நல்ல காரியம்தான். நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட அளவுகோல்கள் ஐந்து.

முதலில், பேச நேரம் கிடைக்குமா? நண்பர்களைப் பார்ப்பதும் நோக்கத்தில் பாதி. அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. வெட்கப்பட்டு மறைத்தால் இரண்டாவது வருடம் பாதிப் பேர் வர மாட்டார்கள். அடுத்தது, நம் பணமும் நேரமும் காரியத்துக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது? மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத செலவு என்ன? நான்காவது, எட்டுப் பேரில் யார் விடுபடுவார்கள்? முழங்கால் வலிக்காரர், கைக்குழந்தைக்காரி, மாத்திரை சாப்பிடுபவர் என்று எந்தக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார்.

ஐந்தாவதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். நாம் கிளம்பிப் போன பிறகு யாருக்கு வேலை மிச்சம்? நாம் ஒரு மணி நேரம் உதவி செய்ததற்காக வேறொருவர் மூன்று மணி நேரம் பெருக்கித் துடைக்க வேண்டும் என்றால் அது உதவியில்லை, விருந்தாளியாகப் போய் வந்தது.

அவசரக்காரர்களுக்காக ஒரு அட்டவணை:

| வழி | பேச நேரம் | பணச் செலவு | போய்ச் சேர்வது | விடுபடுபவர்கள் | மிச்ச வேலை யாருக்கு |
|---|---|---|---|---|---|
| ஆமை நடை | நிறைய | குறைவு | குறைவு | நடக்க முடியாதவர்கள் | அழைத்துப் போகும் இளைஞர்களுக்குக் கொஞ்சம் |
| இல்லத்தில் சாப்பாடு | குறைவு | அதிகம் | கேட்டுக் கொடுத்தால் மட்டும் அதிகம் | யாருமில்லை | இல்லப் பணியாளர்களுக்கு நிறைய |
| பனை விதை | நிறைய | நடுத்தரம் | பல வருடம் கழித்துத் தெரியும் | வெயில் தாங்காதவர்கள் | ஊர்க்காரர்களுக்கு |
| ஓட்டம் | பயிற்சியில் உண்டு, அன்று இல்லை | நடுத்தரம் | நடத்துபவரைப் பொறுத்தது | பாதிப் பேர் | சாலை பெருக்குபவர்களுக்கு |
| ரத்த தானம் | நடுத்தரம் | மிகக் குறைவு | மிக அதிகம் | இரண்டு மூன்று பேர் | கிட்டத்தட்ட யாருக்கும் இல்லை |
| சுற்றுலா தனி, பணம் தனி | மிக அதிகம் | நாம் வைப்பதுதான் | அதிகம் | யாருமில்லை | இல்லை |

அட்டவணையைப் பார்த்து முடிவெடுத்துவிட வேண்டாம். கட்டத்துக்குள் அடங்காத சங்கதிகள் கீழே.

## ஆமை நடை

ஜனவரியிலிருந்து மார்ச் வரை சென்னைக் கடற்கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். ஆலிவ் ரிட்லி என்று செய்தியில் வருமே, அதுதான். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் இந்தப் பருவத்தில் இரவிரவாகக் கரையில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சுகள் வெளிவந்ததும் கடலில் விடுகிறார்கள். வெள்ளி, சனி இரவுகளில் பொதுமக்களும் கூடப் போகலாம். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, மணலில் சுமார் 7 கிலோமீட்டர்.

பேசுவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. டார்ச் கூடாது, கைபேசி வெளிச்சமும் கூடாது. எட்டுப் பேர் போனைத் தொடாமல் நான்கு மணி நேரம் சேர்ந்து இருப்பது இந்தக் காலத்தில் வேறு எங்கே நடக்கும்? நாங்கள் இரண்டு முறை போனோம். முதல் முறை ஆமையே வரவில்லை. கொட்டிவாக்கம் தாண்டியதும் செத்துக் கிடந்த ஒன்றைத்தான் பார்த்தோம். ஆமைக்கும் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கினால் மூழ்கிச் செத்துவிடும். 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கில் இப்படிக் கரை ஒதுங்கியது பலருக்கும் நினைவிருக்கும்.

இரண்டாம் முறை பாலவாக்கம் பக்கம் முன்னால் போன பையன் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினான். மணலில் சின்ன டிராக்டர் ஏறி இறங்கிய மாதிரி ஒரு தடம். ஒரு குச்சியை மெதுவாகச் செருகிச் செருகிப் பார்த்தான். ஓரிடத்தில் மணல் இளகிக் கொடுத்தது. தோள்வரை கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தான். பிங்பாங் பந்து அளவில், ஆனால் ஓடு தோல் மாதிரி குழைவாக, நூற்றுக்கும் மேல். எங்களில் எப்போதும் ஜோக் அடித்துக்கொண்டிருப்பவன் அந்த இருபது நிமிடம் வாயே திறக்கவில்லை. அது ஒன்றே போதும் என்று அவன் மனைவி சொன்னாள்.

மறைமுகச் செலவு என்று பார்த்தால், மறுநாள் முழுக்கப் போய்விடும். அப்புறம் ஒரு சின்ன விஷயம்: காரை நீலாங்கரையில் நிறுத்திவிட்டு நடக்க ஆரம்பித்தால், விடியற்காலை நான்கு மணிக்குப் பெசன்ட் நகரில் நிற்பீர்கள். ஆட்டோ கேட்கும் தொகையைக் கேட்டால் தூக்கம் கலைந்துவிடும். ஒரு காரை முதலிலேயே முடியும் இடத்தில் போட்டு வையுங்கள்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் போகாமல் இருந்திருந்தாலும் அந்தப் பையன் அந்த முட்டைகளை எடுத்திருப்பான். அன்று பலன் அடைந்தது நாங்கள், ஆமை இல்லை. ஆமைக்கு எங்களால் ஆன உதவி வேறு விதமாக வந்தது. எங்களில் ஒருவனுக்குக் கடலோர அடுக்குமாடியில் வீடு. அங்கே மொட்டைமாடியில் கடலைப் பார்த்து ஒரு பெரிய விளக்கு எரியும். பொரிந்த குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் பக்கம்தான் போகும். கடல் பக்கம் போவதற்குப் பதிலாக ரோட்டுப் பக்கம் திரும்பிவிடும். நடைக்குப் போய் வந்த பிறகு அவன் சங்கக் கூட்டத்தில் இதைக் கிளப்பினான். "திருட்டு பயம்", "வாட்ச்மேனுக்குக் கண் தெரியாது" என்று மூன்று கூட்டம் ஓடியது. கடைசியில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை அணைக்கச் சம்மதித்தார்கள். எங்கள் இரண்டு நடைகளையும் விட அந்த ஒரு சுவிட்ச் பெரிது.

ஆகவே, குழுவில் கடலோரத்தில் குடியிருப்பவர் இருந்தாலோ, பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளையும் கூட்டிப்போக ஆசை இருந்தாலோ ஆமை நடைக்குப் போங்கள். சேவை செய்துவிட்டோம் என்ற திருப்தியை எதிர்பார்த்துப் போனால் அது கிடைக்காது.

## இல்லத்தில் ஒரு வேளைச் சாப்பாடு

நம் ஊரில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். பிறந்தநாள், நினைவுநாள் என்று குழந்தைகள் இல்லத்துக்கோ முதியோர் இல்லத்துக்கோ சாப்பாடு கொடுப்பது. நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு வந்ததும் இங்கேதான்.

ஒரு ஞாயிறு மதியம், பெயர் வேண்டாம், ஒரு குழந்தைகள் இல்லம். பிரியாணி, கேக், பலூன் எல்லாவற்றோடும் போய் இறங்கினோம். வாசலில் இன்னொரு குடும்பம் கிளம்பிக்கொண்டிருந்தது. உள்ளே மேஜையில் பாதி வெட்டிய இரண்டு கேக். நாங்கள் மூன்றாவது கேக்கை வைத்ததும் பிள்ளைகள் தாங்களாகவே வரிசையில் வந்து நின்று கைதட்டிப் பாட ஆரம்பித்தார்கள். ஏழு வயதுப் பெண் ஒருத்தி தட்டை வாங்கிக்கொண்டு, உடனே சாப்பிடப் போகாமல், அப்படியே நின்று எங்கள் கைபேசியைப் பார்த்தாள். போட்டோ எடுத்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். அவளுக்கு யார் அதைச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

திரும்பும்போது காரில் யாரும் பேசவில்லை. சமையற்காரம்மா அன்று காலையிலேயே சோறு வடித்து வைத்திருந்ததும், எங்கள் பிரியாணியால் அது மிஞ்சியதும், நாற்பது தட்டுகளைக் கழுவியதும் பிறகுதான் தெரிந்தது. மிச்ச வேலை முழுக்க அவருக்கு.

இதை நல்லபடியாகச் செய்ய வழி இருக்கிறது. கேட்டுவிட்டுக் கொடுப்பதுதான் அது. அதே இல்லத்துக்கு அடுத்த வாரம் போன் செய்து, "எது குறையுது?" என்று கேட்டோம். சானிட்டரி நாப்கின், பாத்திரம் கழுவும் தூள், ஜூன் மாதத்துக்கு நோட்டுப் புத்தகம், கரண்ட் பில். எதுவுமே போட்டோவுக்கு அழகாக வராதவை. முதியோர் இல்லம் என்றால் பெரியவர்களுக்கான டயப்பர்தான் எப்போதும் பற்றாக்குறை. சர்க்கரை நோயுள்ள முப்பது பேர் இருக்கும் இடத்துக்கு லட்டு எடுத்துப் போவது புண்ணியத்தில் சேருமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். இல்லம் முறையாகப் பதிவு செய்யப்பட்டதா என்று கேட்பது சந்தேகப்படுவது ஆகாது. நல்ல இல்லத்தார் சான்றிதழைச் சுவரிலேயே மாட்டியிருப்பார்கள். இரண்டாவது போட்டோ. இல்லத்துக் குழந்தைகளின் அடையாளம் வெளியே போகக் கூடாது என்பதில் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் கண்டிப்பாக இருக்கிறது. ஸ்டேட்டஸில் போட்டு நாலு பேர் கைகூப்பும் அளவுக்கு அது முக்கியமில்லை.

நண்பர்களோடு பேச நேரம்? கிடையாது. கிடைத்தால் தப்பு. அங்கே போய் நாம் எட்டுப் பேரும் நமக்குள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பார்க்கவே நன்றாக இருக்காது. உங்களில் ஒருவர் மாதாமாதம் போய்க் கணக்கு வழக்கிலோ, பாடம் சொல்லிக் கொடுப்பதிலோ உதவுபவராக இருந்தால் மட்டும் மற்றவர்கள் அவர் பின்னால் போங்கள்.

## பனை விதை ஊன்றுவது

ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும். வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கு முன் ஏரிக்கரையில் விதையை ஊன்றிவிட்டால் அப்புறம் மழை பார்த்துக்கொள்ளும். மரக்கன்று நட்டால் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். பனைக்கு அது வேண்டாம். ஞாயிறு மட்டும் வரும் நகரத்துக்காரர்களுக்குத் தோதான மரம் என்றால் நம் மாநில மரம்தான்.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்து ஏரிக்கரையில் செய்தோம். காலை ஆறரைக்கு ஆரம்பித்துப் பத்து மணிக்குள் இருநூறு விதை. ஒருவர் கடப்பாரையால் குழி, ஒருவர் விதை, ஒருவர் மண். பத்தடிக்கு ஒன்று. இப்படி மூன்று பேராகச் சேர்ந்து நகர்ந்துகொண்டே இருப்பதால் பேச்சு தானாக வரும். கை வேலையில் இருக்கும்போது வரும் பேச்சு ரிசார்ட் நீச்சல் குளத்தில் வராது. கடன், அப்பாவின் மறதி, பிள்ளையின் பிளஸ் டூ எல்லாம் அன்றுதான் வெளியே வந்தது. பனம்பழ வாசனை மட்டும் இரண்டு நாளைக்குக் காரை விட்டுப் போகவில்லை.

அனுமதி வாங்காமல் கரையில் கடப்பாரை போடக் கூடாது. சிறிய ஏரி ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள பெரிய ஏரி நீர்வளத் துறையுடையது. ஊராட்சித் தலைவரை முதலில் பார்த்துவிட்டால் யாரிடம் கேட்க வேண்டும் என்று அவரே சொல்லிவிடுவார்.

நாங்கள் ஊன்றிக்கொண்டிருந்தபோது ஆடு மேய்த்துக்கொண்டு வந்த பாட்டி ஒருவர் நின்று பார்த்தார். "தை மாசம் வந்து பாருங்க, பாதி இருக்காது" என்றார். ஏன் என்று கேட்டோம். "கிழங்காயிடுமில்ல? புள்ளைங்க நோண்டித் தின்னுடும். மிச்சத்தைப் பன்னி பாத்துக்கும்." விதை முளைக்கும்போது முளை முதலில் கீழே இறங்கும், பொங்கலுக்கு நாம் வாங்கும் பனங்கிழங்கே அதுதான் என்பது எங்கள் எட்டுப் பட்டதாரிகளில் ஒருவருக்கும் அந்த நிமிடம் வரை உறைக்கவில்லை. பாட்டி சொன்னபடியே ஆனது. அடுத்த வருடம் ஊரிலேயே இரண்டு பையன்களிடம் பேசி, கொஞ்சம் பணமும் கொடுத்து, பார்த்துக்கொள்ளச் சொன்னோம். விதை நூறாகக் குறைந்தது. நின்ற ஓலைகள் அதிகமானது.

பனை காய்க்க 15, 20 வருடம் ஆகும். ஆணா பெண்ணா என்பதுகூடப் பூத்தால்தான் தெரியும். பலனைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது. உங்களில் யாருக்காவது சொந்த ஊர் ஒன்று பக்கத்தில் இருந்து, வருடாவருடம் அங்கே போவதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தால் இதைவிட நல்ல சாக்கு இல்லை.

## ஓட்டம்

டெர்ரி ஃபாக்ஸ் என்ற கனடா நாட்டு இளைஞர், எலும்புப் புற்றுநோயில் வலது காலை இழந்த பிறகு, ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட 1980-இல் செயற்கைக் காலோடு 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். கனடாவில் ஆளுக்கு ஒரு டாலர் கிடைத்தால் போதும் என்றார். அடுத்த ஆண்டு 22 வயதில் இறந்தார். அவர் பெயரில் இன்றும் பல நாடுகளில் நடக்கும் ஓட்டங்களில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. நல்ல காரியத்துக்காக ஓடுவது என்றால் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கணக்கு.

இப்போதைய ஓட்டங்கள் எல்லாமே அப்படி இல்லை. பதிவுக் கட்டணத்தில் டி-ஷர்ட், பதக்கம், தண்ணீர் பாட்டில், மேடை போக மீதி எவ்வளவு என்று நடத்துபவரிடம் கேளுங்கள். நேராகப் பதில் சொன்னால் சேருங்கள். ஓட்ட நாளில் எட்டுப் பேரும் எட்டு வேகத்தில் பிரிந்துவிடுவார்கள், பேச்சே இருக்காது. அதற்கு முந்தைய மூன்று மாதம் வாரம் இரண்டு காலை கடற்கரையில் சேர்ந்து பயிற்சி எடுப்பதாக இருந்தால் கதை வேறு. எங்கள் செட்டில் அது பதினொரு நாள் நடந்தது.

## ரத்த தானம்

இதை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, இது எங்களிடம் வந்தது. எங்களில் ஒருத்தியின் அண்ணன் பையனுக்குத் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய். மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும், வாழ்நாள் முழுக்க. ஒவ்வொரு முறையும் அண்ணன் போனை எடுத்து, தெரிந்தவர் தெரியாதவர் என்று அழைத்துக்கொண்டிருப்பார். இந்தியாவில் பணம் கொடுத்து ரத்தம் வாங்குவதற்கு 1998 ஜனவரியிலிருந்து தடை. யாராவது சும்மா கொடுத்தால்தான் உண்டு. அதைக் கேட்ட பிறகு ஆமையா பனையா என்ற விவாதம் கொஞ்சம் அடங்கியது.

போனால் மொத்தம் முக்கால் மணி நேரம். படிவம், எடை, ரத்த அழுத்தம், விரலில் ஒரு குத்து, மருத்துவரின் கேள்விகள். ரத்தம் எடுப்பது பத்து நிமிடம்தான், 350 மில்லி. அப்புறம் பிஸ்கட், ஜூஸ், கொஞ்ச நேரம் உட்காரச் சொல்வார்கள். வெறும் வயிற்றோடு போகக் கூடாது. முதல் நாள் இரவு பார்ட்டி வைத்துக்கொண்டு போகவும் கூடாது.

வயது 18-க்கு மேல், எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். முதல் முறை கொடுப்பவர் என்றால் 60 வயது வரை, ஏற்கெனவே கொடுத்து வருபவர் 65 வரை. பச்சை குத்தியிருந்தால் ஒரு வருடம் பொறுக்க வேண்டும். இன்சுலின் போடுபவர்களிடம் எடுக்க மாட்டார்கள். எட்டுப் பேர் போனால் எட்டுப் பேரும் கொடுப்பீர்கள் என்று எண்ண வேண்டாம். எங்களில் முதல் முறை ஐந்து பேர்தான் தேறினோம்.

மறைமுகச் செலவு இங்கேதான் இருக்கிறது. திருப்பி அனுப்பப்பட்டவரின் முகம். "எனக்கு மட்டும் என்ன?" என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவரை விட்டுவிட்டு உள்ளே ஐந்து பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தால் அடுத்த முறை அவர் வர மாட்டார். இதை முதலிலேயே பேசி வையுங்கள்.

இன்னொன்று, ரத்தம் கெட்டுப்போகும் பொருள். சிவப்பணுக்கள் 35 முதல் 42 நாள், பிளேட்லெட் 5 நாள் மட்டும்தான். ரத்த தான தினம், தலைவர் பிறந்தநாள் என்று முகாம் நடக்கும் வாரத்தில் ரத்த வங்கி நிரம்பி வழியும். அதே வங்கி ஏப்ரல், மே மாதம் கல்லூரிகள் மூடியதும் காய்ந்து கிடக்கும். ஆகவே "நாங்க இந்த ஞாயிறு வர்றோம்" என்று சொல்லாதீர்கள். "எப்போ தேவைப்படும்?" என்று கேளுங்கள். நாங்கள் முதலில் போன் செய்தபோது மறுமுனையில் இருந்த அம்மா சிரித்துவிட்டார். "இப்படி யாரும் கேட்டதில்லைங்க" என்றார்.

இனி நண்பர்கள் சங்கதி. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். நான்கு மாதம் என்று வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் பொருந்தும். வருடத்துக்கு மூன்று சந்திப்பு. நாங்கள் ஜனவரி, மே, செப்டம்பர் என்று வைத்துக்கொண்டோம். வருடத்துக்கு ஒரு தடவை ரிசார்ட்டுக்கே "அந்த வாரம் எனக்கு முடியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் இதற்கு வந்துவிடுகிறார்கள். காரணம் எளிது: ரிசார்ட்டைத் தள்ளிப் போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. இதைத் தள்ளிப் போட்டால் அந்தப் பையன் முகம் ஞாபகம் வரும். கொடுத்து முடித்ததும் பக்கத்து ஓட்டலில் இரண்டு மணி நேரம் உட்காருவோம். செலவு ஆளுக்கு முந்நூறு ரூபாயைத் தாண்டியதில்லை.

குழுவில் பெரும்பாலோர் ஆரோக்கியமாக இருந்து, அடிக்கடி சந்திக்க ஒரு சாக்கு தேவைப்பட்டால் இதுவே முதல் தேர்வு. பாதிப் பேருக்கு மேல் கொடுக்க முடியாது என்றால் இதை எல்லோருடைய காரியமாக ஆக்காதீர்கள்.

## சுற்றுலா தனி, பணம் தனி

இதை யாரும் சொல்லத் துணிவதில்லை. ரிசார்ட்டுக்கே போங்கள். ஏலகிரிக்குப் போங்கள். நன்றாகச் சாப்பிட்டு, பழைய வாத்தியார் கதைகளைப் பேசிவிட்டு வாருங்கள். கூடவே ஆளுக்கு மாதம் 500 ரூபாய் தானாகவே வங்கிக் கணக்கிலிருந்து ஒரு நல்ல அமைப்புக்குப் போகும்படி செய்துவிடுங்கள். எட்டுப் பேருக்கு வருடம் 48,000 ரூபாய். ஒரு நாள் கூத்துக்கு ஆகும் செலவைவிட இது பெரிய தொகை. அதைவிட முக்கியம், அடுத்த மாதமும் வரும் என்று தெரிந்த பணம். சம்பளம் கொடுக்க வேண்டிய ஒரு சிறிய அமைப்புக்கு அந்த நிச்சயம்தான் பெரிய உதவி.

வரிச் சலுகையை எண்ணிக் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 80ஜி என்று நமக்குப் பழக்கமான சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும், அரிசி பருப்பாகக் கொடுத்தாலும் அது கிடையாது.

குறை என்ன? பணம் தானாகப் போகத் தொடங்கியதும் காரியம் மறந்துவிடும். எந்த அமைப்புக்குப் போகிறது என்று ஒரு வருடம் கழித்து எங்களில் இருவருக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. பணம் போய்க்கொண்டுதான் இருந்தது. பரவாயில்லை என்பேன் நான். பரவாயில்லை என்று நினைக்காதவர்கள் எங்கள் செட்டிலேயே மூன்று பேர் உண்டு.

## எங்கள் கணக்கு எங்கே வந்து நின்றது?

வருடத்துக்கு மூன்று முறை ரத்த வங்கி. மாதம் 500 ரூபாய் தனியாக. ஆமை நடை மூன்று வருடத்துக்கு ஒரு தடவை, உல்லாசம் என்று ஒப்புக்கொண்டே. பனை, சொந்த ஊர் உள்ளவன் கூப்பிட்டால். கல்யாணப் பந்தி நண்பருக்கும் இதையே சொல்கிறேன்: உங்கள் எட்டுப் பேரில் யாருடைய வீட்டில் எது உண்மையான கவலையாக இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அங்கிருந்து தொடங்கினால் இரண்டாவது வருடமும் ஆள் வரும்.

எங்களுக்கு அந்தக் கவலையைக் கொண்டுவந்தவள் முதல் தடவை ஹீமோகுளோபின் 11.2 என்று திருப்பி அனுப்பப்பட்டாள். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், இரும்புச்சத்து மாத்திரை என்று நான்கு மாதம் விடாமல் சாப்பிட்டுவிட்டு மே மாதம் மறுபடி விரலை நீட்டினாள். 11.3. மருத்துவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, குடும்பத்தில் யாருக்காவது ரத்தச் சோகை உண்டா என்று கேட்டார். அண்ணன் பையனைப் பற்றிச் சொன்னதும் வேறொரு பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அவளும் தலசீமியாவைக் கடத்தும் மரபணு உள்ளவள்தான். உடம்புக்கு ஒன்றும் இல்லை, ஆனால் எந்தக் கீரை சாப்பிட்டாலும் அந்த எண் ஏறப் போவதில்லை. முதல் வேலையாகத் தன் இரண்டு பெண்களுக்கும் பரிசோதனை செய்துவைத்தாள், நாளைக்குக் கல்யாணம் என்று வந்தால் மாப்பிள்ளைக்கும் செய்து பார்க்க வேண்டுமே என்று.

இப்போது வங்கிக்குப் போன் செய்து தேதி கேட்பவள் அவள்தான். முதல் நாள் இரவு ஒவ்வொருவரையும் அழைத்து, தூங்கு, தண்ணீர் குடி, குடிக்கக் கூடாததைக் குடிக்காதே என்று மிரட்டுபவளும் அவள்தான். ஞாயிறு காலை நாங்கள் ஏழு பேரும் வரிசையில் படுத்துக்கொண்டிருக்கும்போது அவள் ஓட்டலுக்கு முன்னதாகவே போய்விடுவாள். கூட்ட நேரம், சர்வர் முறைப்பார். ஒரு நாற்காலியில் கைப்பை, ஒன்றில் குடை, ஒன்றில் துப்பட்டா, ஒன்றில் தண்ணீர் பாட்டில் என்று நாங்கள் முழங்கையில் பஞ்சோடு வந்து சேரும்வரை எட்டு இடத்தையும் காத்துக்கொண்டிருப்பாள்.